தம்பியைத் தேடிப் போன அண்ணன்: கோர்ட்டே-ரியல் சகோதரர்களும் ஒரு பாறையும்

1502-ஆம் ஆண்டு மே மாதம் லிஸ்பனிலிருந்து மிகேல் கோர்ட்டே-ரியல் கப்பலேறினார். முந்தின வருஷம் வடமேற்கு அட்லாண்டிக் பக்கம் போன தம்பி காஸ்பார் திரும்பவில்லை. அவரைத் தேடித்தான் இந்தப் பயணம். மிகேலும் திரும்பவில்லை. மூன்று சகோதரர்களில் மிச்சமிருந்த மூத்தவர் வாஸ்கோ ஆனெஸ், "நான் போய் ரெண்டு பேரையும் தேடுறேன்" என்று மன்னர் மனுவேலிடம் அனுமதி கேட்டார். மன்னர் மறுத்துவிட்டார். ஒரே குடும்பத்தில் இரண்டு பேர் போனது போதும் என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். 1503-இல் மன்னர் தன் பொறுப்பில் அனுப்பிய தேடுதல் கப்பல்கள் வெறுங்கையோடு வந்து சேர்ந்தன.

உறுதியாகத் தெரிந்த கதை ஏறத்தாழ இவ்வளவுதான். ஆனால் இந்தச் சகோதரர்களைப் பற்றி ஐநூறு வருஷமாக ஊகங்கள் கிளம்பிக்கொண்டே இருக்கின்றன. மிகேல் அமெரிக்கப் பழங்குடிகளுக்குத் தலைவரானார், பாறையில் பேரை வெட்டி வைத்தார், கல்லில் கோபுரம் கட்டினார் என்பது வரைக்கும் போயிருக்கிறது. அவர்களுக்கு என்ன ஆயிற்று என்பதைவிட, இந்த ஊகங்கள் எப்படிப் பிறந்து எதை மறைத்தன என்பதுதான் எனக்குச் சுவாரசியமாகப் படுகிறது. அதை எழுதி வைக்கலாம் என்றுதான் இந்தக் குறிப்பு.

முதலில் குடும்பம். அசோரஸ் தீவுக்கூட்டத்தில் டெர்செய்ரா என்று ஒரு தீவு. அங்கே ஆங்ரா பகுதியின் ஆட்சி உரிமை பெற்றவர் ஜோவாவ் வாஸ் கோர்ட்டே-ரியல். அவருடைய கடைசி மகன் காஸ்பார். நடு மகன் மிகேல், அரண்மனையில் பெரிய பதவியில் இருந்தவர். 1500 மே மாதம் காஸ்பார் மன்னரிடம் ஒரு பட்டயம் வாங்கினார். வடக்கே புதிதாகக் கண்டுபிடிக்கும் நிலங்களுக்கு ஆட்சி உரிமை அவருக்கு. அந்த வருஷக் கோடையில் போய், கிரீன்லாந்தாக இருக்கக்கூடிய ஒரு கரையைப் பார்த்துவிட்டு, பனிக்கட்டி தடுத்ததால் திரும்பினார். 1501-இல் மூன்று கப்பல்களோடு மறுபடி போனார். இந்த முறை நியூஃபவுண்ட்லாந்து, லாப்ரடார் கரைகளைத் தொட்டதாக ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அங்கே உள்ளூர் மக்கள் ஐம்பது பேருக்கு மேல் வலுக்கட்டாயமாகப் பிடித்து இரண்டு கப்பல்களில் ஏற்றி லிஸ்பனுக்கு அனுப்பிவிட்டு, மூன்றாவது கப்பலில் அவர் கரையோரமாகத் தெற்கே தொடர்ந்தார். அக்டோபரில் அந்த இரண்டு கப்பல்களும் வந்து சேர்ந்தன. மூன்றாவது வரவே இல்லை.

1502 ஜனவரியிலேயே மிகேல் மன்னரிடம் போய் நின்றுவிட்டார். இதை வெறும் பாசக்கதையாக மட்டும் படிக்கக்கூடாது. தம்பியின் பயணத்துக்கு மிகேல் பணம் போட்டிருந்தார். கண்டுபிடிக்கும் நிலத்தில் அவருக்கும் பங்கு என்று பேச்சு. மன்னர் தந்த ஆவணம் அந்தப் பங்கையும் உறுதி செய்தது. பாசம், பங்கு ரெண்டும் ஒரே கப்பலில் ஏறின என்று வைத்துக்கொள்ளலாம். அங்கே போனதும் வளைகுடாக்களும் ஆற்று முகங்களும் ஏகப்பட்டது இருந்ததால், கப்பல்கள் பிரிந்து தேடுவது, ஆகஸ்ட் 20-ஆம் தேதி குறித்த இடத்தில் கூடுவது என்று ஏற்பாடு. மற்றக் கப்பல்கள் வந்தன. மிகேலின் கப்பல் வரவில்லை. கொஞ்ச நாள் காத்திருந்துவிட்டு அவர்கள் ஊர் திரும்பினார்கள்.

இனி ஊகங்கள். "அண்ணன் தம்பி ரெண்டு பேரும் ஒரே இடத்தில் காணாமல் போவது தற்செயலா?" என்ற கேள்விதான் எல்லாவற்றுக்கும் வேர். கேட்டவுடனே மர்மமாகத்தான் இருக்கும். ஆனால் கணக்கு போட்டுப் பாருங்கள். ஒருவர் தொலைவதற்கு பத்தில் ஒரு வாய்ப்பு என்று சும்மா வைத்துக்கொண்டால், இருவரும் தொலைய நூறில் ஒன்று என்று மனசு பெருக்கிவிடுகிறது. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு நிகழ்ச்சிகளுக்குத்தான் அந்தப் பெருக்கல் செல்லும். இங்கே இரண்டாமவர் போனதே முதலாமவர் தொலைந்ததால்தான். அதே கரை, அதே கோடைப் பருவம், அதே வகைக் கப்பல், அதே அரைகுறை வரைபடம். போதாததற்கு, தம்பி எங்கே எல்லாம் மாட்டியிருக்கலாமோ அங்கே எல்லாம் நுழைந்து பார்ப்பதே அண்ணனின் வேலை. அதாவது ஆபத்தான இடமாகத் தேர்ந்தெடுத்துப் போயிருக்கிறார். கிணற்றில் விழுந்தவரைத் தூக்க இறங்கியவரும் விஷவாயுவில் மயங்கி விழுந்தார் என்ற செய்தியைப் பேப்பரில் எத்தனை முறை படித்திருக்கிறோம். கொடுமையான செய்தி. ஆனால் அதை யாரும் மர்மம் என்று சொல்வதில்லை.

அந்தக் கடலையும் கொஞ்சம் பார்க்கணும். வடக்கிலிருந்து வரும் குளிர்ந்த லாப்ரடார் நீரோட்டமும், தெற்கிலிருந்து வரும் வெதுவெதுப்பான வளைகுடா நீரோட்டமும் நியூஃபவுண்ட்லாந்துக்குப் பக்கத்தில்தான் சந்திக்கின்றன. அதனால் உலகத்திலேயே மூடுபனி மிக அதிகமான கடல்களில் அதுவும் ஒன்று. மூடுபனி அதிகம் வருவதும் கோடையில்தான். வசந்தத்திலும் கோடைத் தொடக்கத்திலும் கிரீன்லாந்துப் பனிமலைகள் மிதந்து வரும். 1912-இல் டைட்டானிக் மோதியது அந்த வகையில் ஒன்றோடுதான். இதில் மரக் கப்பலை வைத்துக்கொண்டு, ஆழம் தெரியாத கரையோரமாக, தனியாக வளைகுடா வளைகுடாவாகப் புகுந்து வருவது என்றால் யோசித்துப் பாருங்கள்.

இன்னொரு ஒப்பீடு. இதே மன்னர், காஸ்பார் முதலில் போன அதே 1500-இல், கப்ரால் தலைமையில் 13 கப்பல்களைக் கோழிக்கோட்டுக்கு அனுப்பினார். கோழிக்கோட்டை எட்டியவை 6. தென் அட்லாண்டிக் புயலில் ஒரே சமயத்தில் 4 கப்பல்கள் போயின. அதில் ஒன்றில் இருந்தவர் பார்த்தலோமியூ டயஸ். நன்னம்பிக்கை முனையை முதலில் சுற்றி வந்த அதே டயஸ்! அவர் உடலும் கிடைக்கவில்லை, கப்பலும் கிடைக்கவில்லை. ஆனால் டயஸ் ஆப்பிரிக்காவில் தலைவரானார் என்று யாரும் கிளப்பிவிடவில்லை. ஏன்? புயலை மற்றக் கப்பல்காரர்கள் பார்த்தார்கள், வந்து சொன்னார்கள். கதைக்கு ஒரு முடிவு கிடைத்துவிட்டது. கோர்ட்டே-ரியல்களின் முடிவைப் பார்த்து வந்து சொல்ல ஆளில்லை. ஊகம் வளர அந்த ஒரு காலி இடம் போதும்.

காலி இடத்தில் முதலில் வந்து உட்கார்ந்தது அப்பா கதை. சகோதரர்கள் தொலைந்து பல பத்தாண்டுகள் கழித்து, அசோரஸைச் சேர்ந்த காஸ்பார் ஃப்ருதுவோசோ என்ற பாதிரியார் ஒரு வரலாறு எழுதினார். அதில், அப்பா ஜோவாவ் வாஸ் 1470-களிலேயே 'பக்கலாவ் நிலம்', அதாவது காட் மீன் நிலத்தைக் கண்டுபிடித்துவிட்டு வந்தார் என்று ஒரு செய்தி. கொலம்பஸுக்கு இருபது வருஷம் முன்னால்! சமகால ஆதாரம் எதுவும் இல்லை. ஆனால் இதை வைத்து, பிள்ளைகள் குருட்டாம்போக்கில் போகவில்லை, குடும்ப ரகசியத்தைத் தொடர்ந்துதான் போனார்கள் என்று கதை நீண்டது. ஆதாரம் எங்கே என்று கேட்டால் அதற்கும் இருபதாம் நூற்றாண்டில் ஒரு பதில் தயாரானது. போர்த்துகல் மன்னர்கள் கண்டுபிடிப்புகளை வேண்டுமென்றே மூடி வைத்தார்கள், அதனால்தான் ஆவணம் இல்லை என்றார்கள். வரலாற்றாசிரியர் ஜைமே கோர்ட்டெசாவ் இந்த ரகசியக் கொள்கையை விரிவாக வாதிட்டவர். வரைபட விஷயத்தில் போர்த்துகல் கமுக்கமாக இருந்தது உண்மைதான். ஆனால் "ஆதாரம் இல்லாததே ஆதாரம்" என்கிற வாதத்தை உள்ளே விட்டுவிட்டால் அதற்கப்புறம் எதையும் மறுக்க முடியாது. நம்ம ஊர் லெமூரியா விவாதங்களைப் பார்த்தவர்களுக்கு இந்த ருசி பழகியதாக இருக்கும்.

அடுத்தது பாறை. எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி.

மாசசூசெட்ஸில் டான்டன் ஆற்றங்கரையில் ஏறத்தாழ 40 டன் எடையுள்ள ஒரு பாறை இருந்தது. டைட்டன் பாறை என்று பேர். கடல் ஏற்றத்தில் நாளில் பெரும்பகுதி தண்ணீருக்குள் இருக்கும், நீர் வடியும்போது முகம் தெரியும். முகம் முழுக்கக் கோடுகள், முக்கோணங்கள், மனித உருவம் போன்ற கீறல்கள். 1680-இல் ஒருவர் அதை வரைந்தார். 1690-இல் காட்டன் மாதர் என்ற மதகுரு அச்சில் ஏற்றினார். அப்புறம் ஆளுக்கொரு வாசிப்பு. பின்னாளில் யேல் கல்லூரித் தலைவரான எஸ்ரா ஸ்டைல்ஸ் அதில் பழைய செமிட்டிக் எழுத்துகளைப் பார்த்தார். 1781-இல் பிரெஞ்சு அறிஞர் கூர் த ஜெபலின், கார்த்தேஜ்காரர்கள் வந்து போன கதையையே படித்துக் காட்டினார். 1837-இல் டென்மார்க்கின் ராஃப்ன், வைக்கிங் தலைவர் தோர்ஃபின் பெயரைக் கண்டார். நடுவில் 1789-இல் ஹார்வர்டில் அதன் படத்தை ஜார்ஜ் வாஷிங்டனிடம் காட்டினார்களாம். அவர் சிரித்துவிட்டு, வர்ஜீனியாவில் இந்தியர்கள் வெட்டிய இது மாதிரி நிறையப் பார்த்திருக்கிறேன் என்றாராம். அத்தனை பேரில் நில அளவை வேலை பார்த்தவர் அவர் ஒருத்தர்தான்!

பாறை எப்படி இத்தனை மொழி பேசியது? கீறல்கள் மங்கல். அதனால் படம் பிடிப்பவர்கள் தங்களுக்குத் தெரிந்த கோடுகள் மேல் முதலில் சாக்பீஸால் தடவிக்கொள்வார்கள். 1853-இல் சேத் ஈஸ்ட்மன் என்ற ராணுவ அதிகாரி பாறை மேல் சாய்ந்து இருக்கும் புகழ்பெற்ற புகைப்படம் ஒன்று உண்டு. அதிலும் சாக்பீஸ் கோடுகள்தான். முதலில் மனசு ஒரு கோட்டைப் பார்க்கும். கை அதைத் தடவும். கேமரா அதைப் பிடிக்கும். அடுத்த தலைமுறை அந்தப் படத்தை ஆதாரம் என்று காட்டும்.

இதை எல்லாம் தெளிவாகப் புரிந்துகொண்டு எழுதியவர் ப்ரௌன் பல்கலைக்கழக உளவியல் பேராசிரியர் எட்மண்ட் பர்க் டெலபார். மைக்கறைகளில் மனிதர்கள் உருவங்களைப் பார்ப்பது பற்றிய ஆரம்பகால உளவியல் ஆய்வுகளில் பங்கிருந்தவர். ரோர்ஷாக் சோதனைக்கெல்லாம் முந்தியது அது. முந்தின வாசகர்கள் எல்லாரும் தங்கள் ஆசையைத்தான் பாறையில் படித்தார்கள் என்று அவர் பொறுமையாக விளக்கினார். பெரும்பாலான கீறல்கள் பழங்குடி மக்களுடையவை என்றும் ஒப்புக்கொண்டார். அப்புறம் 1918 டிசம்பரில், பாறையின் புகைப்படம் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, அவருக்கு 1511 என்ற எண் தெரிந்தது!

1511-இல் அந்தப் பக்கம் எந்த ஐரோப்பியர் இருந்திருக்க முடியும்? டெலபார் தேடினார். 1502-இல் தொலைந்த மிகேல் கிடைத்தார். எண் வந்து, ஆள் வந்த பிறகு எழுத்துகளும் ஒவ்வொன்றாக வந்தன: மிகேல் கோர்ட்டே-ரியல், கடவுள் சித்தத்தால் இங்கே இந்தியர்களின் தலைவன் என்று பொருள்படும் ஒரு லத்தீன் வாசகம். எந்த வரிசையில் வந்தது என்று கவனிக்கணும். பாறையில் பெயரைப் படித்து அவர் மிகேலிடம் போகவில்லை. மிகேல் கிடைத்த பிறகுதான் பெயர் படிக்கக் கிடைத்தது. டெலபார் ஏமாற்றுக்காரர் இல்லை. அதனால்தான் இந்தச் சம்பவம் முக்கியம். கண் எப்படி ஏமாறும் என்று பாடம் நடத்துகிற ஆளுக்கும் அதே கண்தான்.

நியூ இங்கிலாந்தின் மீன்பிடித் துறைமுகங்களுக்கும் பஞ்சாலைகளுக்கும் பிழைக்க வந்து, ஏளனத்தோடு நடத்தப்பட்ட போர்த்துகீசியக் குடியேறிகளுக்கு இந்தச் செய்தி எப்படி இருந்திருக்கும்! மேஃபிளவர் கப்பல் 1620-இல் வந்தது. அதற்கு நூறு வருஷம் முன்னால் எங்க ஆள் இங்கே தலைவர். மானுவேல் லூசியானோ தா சில்வா என்ற மருத்துவர் பல பத்தாண்டுகள் இதற்காகவே உழைத்தார். பாறையில் போர்த்துகல்லின் சிலுவைச் சின்னங்களையும் கண்டார். பக்கத்திலிருக்கும் நியூபோர்ட் கற்கோபுரமும் போர்த்துகீசியர் கட்டியது என்று வாதம் விரிந்தது. (அந்தக் கோபுரத்தை 1677-இல் ஆளுநர் பெனடிக்ட் ஆர்னால்ட் தன் உயிலில், கல்லால் கட்டிய என் காற்றாலை என்று குறிப்பிட்டிருக்கிறார். சுண்ணாம்புச் சாந்தின் கார்பன் காலக்கணிப்பும் 17-ஆம் நூற்றாண்டையே காட்டியது.) 1963-இல் பாறையை ஆற்றிலிருந்து எடுத்துக் கரையில் வைத்தார்கள். இன்று அதைச் சுற்றி ஒரு சின்ன அருங்காட்சியகம் இருக்கிறது. அந்த மக்களின் ஏக்கம் எனக்குப் புரியாமலில்லை. ஆனால் மிகேல் தொலைந்த இடத்துக்கும் பாறைக்கும் கடல் வழியில் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல். 1524-இல் வெராசானோ நரகான்செட் விரிகுடாவில் இரண்டு வாரம் தங்கி, அங்கிருந்த மக்களைப் பற்றி விரிவாகவே எழுதினார். டான்டன் ஆற்று நீர் வந்து சேருவதும் அதே விரிகுடாவில்தான். நடுவில் ஒரு வெள்ளைக்காரர் தங்களுக்குத் தலைவராக இருந்தார் என்று யாரும் அவரிடம் சொன்னதாகக் குறிப்பில்லை. அந்த மக்களின் நிறம் சற்று வெளுப்பு என்று அவர் எழுதியதை மட்டும் பிடித்துக்கொண்டு, பார்த்தீர்களா மிகேலின் வம்சம் என்றவர்களும் உண்டு.

இதற்கெல்லாம் ஒரு விலை இருந்தது. கார்த்தேஜ், வைக்கிங், போர்த்துகல் என்று ஒவ்வொரு வாசிப்பும் பாறையை வாம்பனோவாக் மக்களிடமிருந்து பிடுங்கிக்கொண்டே இருந்தது. கனடிய எழுத்தாளர் டக்ளஸ் ஹண்டர் 2017-இல் இதைப் பற்றி ஒரு முழுப் புத்தகமே எழுதினார். யார் நிலத்தில் பாறை இருக்கிறதோ அவர்களைத் தவிர உலகத்தில் எல்லாரும் அதில் எழுதியிருக்கலாம் என்பதுதான் முந்நூறு வருஷ ஆராய்ச்சியின் சாரம்.

கடைசியாக, நான் உண்மையில் எழுத வந்த இடம். 1501 அக்டோபரில் லிஸ்பன் வந்த அந்த இரண்டு கப்பல்கள்.

அவற்றில் வந்தவர்களை நேரில் பார்த்த இரண்டு இத்தாலியர்களின் கடிதங்கள் நமக்குக் கிடைத்திருக்கின்றன. ஒருவர் ஃபெராரா கோமகனின் ஆளான ஆல்பெர்ட்டோ கான்ட்டினோ. இவர் பெயரில்தான் 1502-இன் புகழ்பெற்ற கான்ட்டினோ உலக வரைபடம் இருக்கிறது. இன்னொருவர் வெனிஸ் தூதர் பியெத்ரோ பாஸ்குவாலிகோ. கான்ட்டினோ அவர்களைப் பார்த்ததோடு நில்லாமல் தொட்டு, சோதித்து, சந்தையில் மாடு பார்ப்பதுபோல் உடல் அளவு, கண் நிறம் எல்லாம் எழுதுகிறார். பாஸ்குவாலிகோ தோலாடைகளையும் முகத்துக் குறிகளையும் விவரித்துவிட்டு, கடும் உழைப்புக்கு அருமையானவர்கள், மிகச் சிறந்த அடிமைகளாவார்கள் என்கிறார். அவர் தரும் கணக்கு: ஒரு கப்பலில் ஏழு பேர், வரவேண்டிய மற்றதில் ஐம்பது பேர். ஆண்கள், பெண்கள், சிறுவர்கள்.

அதே கடிதத்தில் ஒரு விவரம் வருகிறது. கைதிகளிடம் உடைந்த, பொன்முலாம் பூசிய வாள் துண்டு ஒன்று இருந்தது, இத்தாலிய வேலை. ஒரு பையனின் காதில் இரண்டு வெள்ளி வளையங்கள், வெனிஸில் செய்தவை போல. 1498-இல் பிரிஸ்டலிலிருந்து ஜான் கபாட் கிளம்பிய பயணத்தின் முடிவும் தெளிவாகத் தெரியாதது. இந்த வாளும் வளையமும் அந்தக் கப்பல்களிலிருந்து வந்திருக்கலாம் என்பது ஆய்வாளர்கள் பலரின் எண்ணம். இந்தப் பொருள்களைப் பற்றிய ஆராய்ச்சி நிறைய உண்டு. கபாட் எங்கே போனார் என்பதற்குத் துப்பு என்று எல்லாரும் அந்தக் காதணியைப் பார்த்தார்கள்.

காதணி போட்டிருந்த பையன் எங்கே போனான்? தெரியாது. ஐம்பத்துச் சொச்சம் பேரும் எங்கே போனார்கள்? தெரியாது. அவர்கள் நியூஃபவுண்ட்லாந்தின் பியோதுக் மக்களாக இருக்கலாம் என்று சிலர், லாப்ரடார் பக்கத்து வேறு மக்கள் என்று சிலர். பியோதுக்களில் கடைசியாக அறியப்பட்ட பெண் ஷனாடிதித் 1829-இல் செயின்ட் ஜான்ஸ் நகரில் இறந்தார். அப்படி ஒரு கூட்டத்தை ஊரோடு அள்ளினால் அதில் அண்ணன் தம்பி, அக்கா தங்கை எத்தனை ஜோடி இருந்திருக்கும். அவர்கள் ஊரிலும் யாராவது அடுத்த கோடையில் தேடிக்கொண்டு கரைக்கு வந்திருப்பார்கள். மிகேலின் கப்பல் வந்ததும் அந்த அடுத்த கோடையில்தான். முந்தின வருஷம் ஆள் பிடித்துப் போன அதே வகைக் கப்பலை அந்த மக்கள் எப்படி வரவேற்றிருப்பார்கள்? சகோதரர்களின் முடிவைப் பற்றிய ஊகங்களில் புயலுக்கும் பாறைக்கும் அடுத்தபடியாக எனக்கு நியாயமாகத் தோன்றுவது இதுதான். பாறைக் கதை அளவுக்கு இது பரவவில்லை.

செயின்ட் ஜான்ஸில் மாகாண அரசுக் கட்டடத்துக்கு எதிரே காஸ்பாருக்கு ஒரு சிலை இருக்கிறது. 1965-இல் போர்த்துகல் மீன்பிடி அமைப்பு கொடுத்த அன்பளிப்பு. லிஸ்பன் ஆற்றங்கரையின் கண்டுபிடிப்புகள் நினைவுச் சின்னத்திலும் அவர் நிற்கிறார். ஆள் பிடித்தவருக்கு அரசு வாசலில் சிலை வேண்டுமா என்ற கேள்வி சமீப ஆண்டுகளில் அந்த ஊரில் எழுந்திருக்கிறது.

மூத்தவர் வாஸ்கோ ஆனெஸுக்கு 1506-இல் தம்பிகளின் பட்டய உரிமை வந்து சேர்ந்தது. யாரும் குடியேறாத, எல்லை தெரியாத ஒரு நிலம். வரைபடங்களில் வெகுகாலம் அந்தப் பக்கத்துக்கு 'கோர்ட்டே-ரியல் நிலம்' என்று பெயர் எழுதி வந்தார்கள்.